பழைய சுண்ணாம்பு வீட்டில் ஓர் அறையைச் சரிசெய்வது எப்படி: கொசப்பேட்டையிலிருந்து

எங்கள் வீடு வேலூர் கொசப்பேட்டையில் இருக்கிறது. மாமனாரின் அப்பா கட்டியது. மண் சாந்தில் எடுத்த ஒன்றரைச் செங்கல் தடிமன் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, சிவப்பு ஆக்சைடு தரை. எங்கள் அத்தைக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனபோது, கீழே வெகுநாளாகச் சாமான் போட்டு வைத்திருந்த 12க்கு 10 அடி அறையைக் காலிசெய்து அவருக்காகச் சரிசெய்தோம். அந்த வேலையில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கான்கிரீட் தளமும் சிமெண்ட் சுவரும் உள்ள வீட்டுக்கு இதில் பாதி பொருந்தாது.

வேலைக்கு ஆள் கூப்பிடும் முன்பு ஒரு மழைக்காலம் அந்த அறையைச் சும்மா கவனியுங்கள். எங்கள் பக்கம் ஜூன் மாதத்திலிருந்தே சாயங்காலம் இடியோடு மழை வரும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடிக்கும். சுவரில் ஈரம் எங்கே தொடங்குகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். வேலையைத் தை பிறந்ததும் தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பது நல்லது. சித்திரை வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், சுண்ணாம்புப் பூச்சு ஒரே நாளில் காய்ந்து வலைவலையாக வெடித்துவிடும். ஆடியில் தொடங்கக் கூடாது என்று அத்தை சொல்வார். அவருடைய காரணம் வேறு, என்னுடைய காரணம் மழை. ஆனால் முடிவு ஒன்றுதான், அதனால் சண்டை வரவில்லை.

ஈரம் மூன்று வழியில் வரும். தரையிலிருந்து மேலே ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்று அடி உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்து, பெயிண்ட் பொரிந்து உதிரும். கூரையிலிருந்து வருவது மேலிருந்து கீழே பழுப்புக் கோடாக இறங்கும், கட்டையின் முனையில் கறையாக நிற்கும். குழாய்க் கசிவு மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே இடத்தில் வட்டமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு முழ அகலப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகிவிடும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் சுவரில் கரண்டி வைக்க விடாதீர்கள். எந்தக் கம்பெனியின் வாட்டர்புரூஃப் டப்பாவும் தண்ணீர் வரும் வழியை அடைக்காது. தண்ணீரை அரை அடி தள்ளி இன்னொரு இடத்தில் வெளியே வரவைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் அறையில் இருந்தது ஓதம். காரணம் சுவரிலேயே இல்லை, தெருவில் இருந்தது. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத் தெரு உயர்ந்து, எங்கள் தரையைவிட வெளிமட்டம் மேலே போய்விட்டது. போதாக்குறைக்குச் சுவரோரம் யாரோ எப்போதோ சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். மண்ணிலிருந்து ஆவியாகிப் போக வேண்டிய ஈரம் போக வழியில்லாமல் சுவரில் ஏறியது. அந்தத் தளத்தை உடைத்து எடுத்தோம். சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குப் பள்ளம் எடுத்து, அடியில் தெருப்பக்கம் சாய்வு கொடுத்து, 40 மில்லிமீட்டர் ஜல்லியால் நிரப்பினோம். இதில் ஒன்று முக்கியம். பள்ளம் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது, சுவரின் முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டவும் கூடாது. மண் சாந்துச் சுவருக்கு அஸ்திவாரம் ஆழமாக இருக்காது. நான்கு அடி தோண்டி, ஜல்லி போட்டு, அப்புறம் அடுத்த நான்கு அடி.

அடுத்தது மொட்டை மாடி. அறைக்குள் வேலை தொடங்கும் முன்பு கூரை சரியாக இருக்க வேண்டும். மேலே பதித்த தட்டை ஓடான தட்டோட்டின் இணைப்புகளில் சுண்ணாம்பு போயிருக்கிறதா, மழைநீர் வெளியேறும் தூம்புவாயில் இலை அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். அரசையும் ஆலையும் வெட்டினால் போதாது, மறு மழையில் இரண்டு கிளையாக வரும். அந்த இடத்துச் சாந்தைப் பெயர்த்து வேரோடு எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

ஒழுகும் மெட்ராஸ் டெரஸ் மேல் இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று சொல்லும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12க்கு 10 அறைக்கு இரண்டு அங்குலக் கான்கிரீட் என்றால் சுமார் 1.3 டன். அந்தக் கட்டைகள் ஏற்கெனவே அச்சுக்கல் என்ற சின்னச் செங்கல் அடுக்கையும், அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பையும், தட்டோட்டையும் தூக்கிக்கொண்டிருக்கின்றன. சின்டெக்ஸ் தொட்டிக்கும் இதே கணக்குதான். 1000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் ஒரு டன். அதை அறையின் நடுவில் வைக்காமல் இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், சுமை நேராகச் சுவரில் இறங்கும்படி வையுங்கள். கசிவுக்குத் தளர்ந்த தட்டோடுகளை மட்டும் எடுத்து, இணைப்பைச் சுரண்டி, சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த சாந்தில் திரும்பப் பதிப்பதே போதும். மேலே ஒரு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலும் கொஞ்சம் குறையும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது அறைக்குள் வந்து தலையைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டையையும் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல மரம் கணீரென்று பேசும், உளுத்தது பொத்பொத்தென்று கேட்கும். பிறகு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், முக்கியமாகச் சுவருக்குள் போகும் முனைகளில். நடுவில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முனைதான் முதலில் போகும், சுவரின் ஈரம் அங்கேதான் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் கால் அங்குலம் போனால் மேலே சுரண்டிச் சரிசெய்யலாம். விரல் நீளம் போனால் அந்தக் கட்டைக்கு இரண்டு பக்கமும் புது மரம் சேர்த்துப் போல்ட் போட வேண்டும், அல்லது இரும்புத் தாங்கல் கொடுக்க வேண்டும். எதுவானாலும் முதலில் பலகை வைத்துச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுங்கள், அப்புறம்தான் மற்றது. கரையான் மண் பாதை தெரிந்தால் அதை மட்டும் துடைத்துப் பயனில்லை. அது தரையிலிருந்து எந்த வழியாக ஏறியது என்று பார்த்து அங்கே மருந்து விட வேண்டும்.

சுத்தமான கட்டைக்கு எங்கள் ஆசாரி முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்தார். பூச்சி அண்டாது, ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் போடும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொட விடாதீர்கள். வாசனை போகக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை அங்கே யாரையும் படுக்க வைக்க வேண்டாம்.

கட்டை நடுவில் தொய்ந்திருந்தாலோ, சுவர் வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தாலோ, கை நுழையும் அளவு விரிசல் மூலையில் மேலிருந்து கீழே ஓடியிருந்தாலோ இதை வீட்டு வேலையாக நினைக்காதீர்கள். சிவில் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்க்கட்டும், அதுவரை அறையைப் பூட்டுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஓடிய அந்த மழையில், பேர்ணாம்பட்டில் ஊறிப்போன வீட்டுச் சுவர் இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் வேலூர் பக்கம் சின்ன நில அதிர்வும் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பழைய வீட்டுக்காரர்கள் விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைக்கும் பழக்கம் வந்தது. நல்ல பழக்கம். கோடு உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

சரி, பூச்சு. உதிரும் பூச்சை மட்டும் எடுங்கள். கையால் தட்டினால் வெற்றாகச் சத்தம் வரும் இடமெல்லாம் போக வேண்டும், கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய சுண்ணாம்பைத் தொட வேண்டாம். இடையில் யாராவது சிமெண்டில் ஒட்டுப்போட்டிருந்தால் அதை முழுவதும் எடுக்க வேண்டும். அந்த ஒட்டுதான் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து, தன் ஓரத்தில் இருக்கும் நல்ல பூச்சையும் கெடுக்கிறது. மண் சாந்துச் சுவரில் மின்சாரத்தில் ஓடும் உடைக்கும் மெஷினை வைக்கவே கூடாது. அதிர்வில் செங்கல் ஆட ஆரம்பித்துவிடும். உளியும் சுத்தியலும் போதும். பூச்சு போனபின் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, தரையில் விழுந்ததைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும்.

பூசும் முன்பு வயரிங். எங்கள் அறையில் மரப் பட்டைக்குள் ஓடிய பழைய ரப்பர் வயர் இருந்தது, தொட்டால் உறை பொடியாக உதிர்ந்தது. அதை ஒட்டிச் சேர்க்காமல் முழுவதும் மாற்றுங்கள். விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5, ஏசி வைப்பதாக இருந்தால் தனி வழியில் 4. எர்த் கட்டாயம், மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். இந்த மாதிரிச் சுவரைக் குறுக்கே வெட்டிக் குழாய் புதைக்க விடாதீர்கள், சுவர் பலவீனமாகும். பைப்பைச் சுவர் மேலேயே ஓட்டலாம். பார்க்க அழகில்லை என்பார்கள். பழகிவிடும்.

இனி சுண்ணாம்பு. கடுக்காய் நீர் சேர்த்துச் சுண்ணாம்பில் பூச வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னவுடன் அவர் முதலில் சிரித்தார். "கடுக்காயா? அதெல்லாம் எங்க தாத்தா காலத்து வேலைம்மா. சிமெண்ட்ல ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்." இரண்டு நாளில் முடியும் என்பது உண்மைதான். இரண்டு மழைக்காலத்தில் மறுபடி உதிரும் என்பதும் உண்மை. ஓதம் ஏறும் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி. அது ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், உப்பையும் தன் மேல் வாங்கிக்கொள்ளும். என்றாவது கீழ்ப்பூச்சை மட்டும் எடுத்துப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம், உள்ளே செங்கல் தப்பிக்கும். இந்த வேலையைக் கான்ட்ராக்டில் விடாதீர்கள், நாள் கூலிக்கு விடுங்கள். கான்ட்ராக்டில் எடுத்தவர் ஒரு கோட் காயும்வரை ஏன் காத்திருப்பார்? சுண்ணாம்பில் முன்பு கை வைத்த வயதான கொத்தனார் ஒருவர் கிடைத்தால், அவர் பூசாவிட்டாலும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

சுட்ட கல் சுண்ணாம்பை இரும்பு டிரம்மில் நீற்ற வேண்டும், அதாவது தண்ணீரில் போட்டுக் குழம்பாக்க வேண்டும். டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிச் செய்தால், அதாவது சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால், கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம் ஊறவிடுங்கள். எவ்வளவுக்கு ஊறுகிறதோ அவ்வளவுக்கு வெண்ணெய்ப் பதம்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் பக்கத்துக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்று ஓர நிலத்தடி நீர் கெட்ட கதை 1996-இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. போர்த் தண்ணீர் உப்புக் கரித்தால் அதைக் கலவைக்குச் சேர்க்காதீர்கள். எந்த உப்பைச் சுவரிலிருந்து பெருக்கி எடுத்தோமோ அதையே திரும்பப் பூசுகிற மாதிரி ஆகும். குடிக்க வரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கலக்கினோம். மணலையும் சோதியுங்கள். கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணலின் மேல் நிற்கும் சேறு, மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அது பூச்சுக்கு ஆகாது.

கடுக்காயை லாங் பஜார் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினோம். ஜவ்வாது மலைக் கடுக்காய் என்று கடைக்காரர் சொன்னார். இருக்கலாம், அங்கே அந்த மரம் உண்டு. ஆவாரம்பட்டையோடு கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட மாவட்டத்தில் இதைப் பற்றி மேஸ்திரிக்கு விளக்க வேண்டி வந்ததுதான் வேடிக்கை. கடுக்காயை இடித்து, வெல்லத்தோடு தண்ணீரில் போட்டுச் சில நாள் புளிக்கவிட்டு, வடிகட்டிய நீரைக் கலவைக்குச் சேர்ப்பது வழக்கம். அளவு ஆளுக்கு ஆள் மாறும். கையகலத்துக்கு ஒரு மாதிரி பூசி, காய்ந்தபின் வெடிப்பு பார்த்து முடிவுசெய்யுங்கள். வாசனை தெருமுனைவரை போகும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். தண்ணீரை அள்ளி ஊற்றாமல் கலவையை மிதித்தும் அடித்தும் குழைக்க வேண்டும். செங்கல் இடுக்கில் உதிர்ந்திருக்கும் மண்ணைச் சுரண்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, இதே கலவையால் முதலில் இடுக்குகளை அடையுங்கள். பிறகு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் ஒரு கோட். அது இறுகி, நகத்தால் அழுத்தினால் மட்டும் தடம் விழும் நிலை வந்ததும் மேலே கீறிவிட்டு, அடுத்த கோட். பூச்சைத் தேய்க்கும் மணியாசு கட்டையால் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும், சின்ன வெடிப்புகள் அதிலேயே மூடிக்கொள்ளும். ஒரு வாரம் சன்னலில் ஈரக் கோணி தொங்கவிட்டு, சுவரில் புகை மாதிரித் தண்ணீர் தெளியுங்கள். வாளியால் அடிக்கக் கூடாது. ஃபேன் போட்டுக் காயவைக்கவும் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் திரும்பக் கல்லாகிறது, முழுதாக இறுக மாதங்கள் ஆகும். அவசரப்பட்டு ஆணி அடிக்காதீர்கள்.

இத்தனையும் செய்துவிட்டு மேலே பட்டி பார்த்து பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் செய்ததெல்லாம் வீண். சுண்ணாம்பு வெள்ளைதான், மெல்லிசாக மூன்று கை. முதுகு சாய்ந்தால் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் பசை, கண் கூசாமல் இருக்கக் கொஞ்சம் நீலம். கதவு, சன்னலில் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேய்த்து, அழுக்கைத் துணியால் வழித்துக் கட்டிப் போடுங்கள். தேக்குச் சட்டமும் கம்பி சன்னலும் நன்றாக இருந்தால் அவற்றை அலுமினியத்துக்கு மாற்றுவது வீண் செலவு.

தரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டைல்ஸ் போட எல்லாரும் சொன்னார்கள், நாங்கள் போடவில்லை. மேலே பளபளப்பான டைல்ஸ் ஒட்டினால் தரையில் வெளியேறும் ஈரமும் சுவருக்குத்தான் திரும்பும், வயதானவர்களுக்கு வழுக்கவும் செய்யும். சிவப்பு ஆக்சைடு தரையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தாலே பழைய நிறம் வந்துவிடும். எண்ணெய் அதிகமானால் அதுவே வழுக்கும். குழி விழுந்த இடத்தை மட்டும் சிமெண்டும் ஆக்சைடும் கலந்து நிரப்பினோம். நிறம் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கிறது. அத்தை அந்த இடத்தில் பாய் போட்டுவிட்டார்.

சாமானை உள்ளே கொண்டுவரும்போது பீரோவையும் கட்டிலையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நான்கு விரல் இடைவெளி விடுங்கள், பின்னால் காற்று போகட்டும். முதல் மழைக்காலம் முடிந்ததும் பீரோவை நகர்த்திக் கீழ்ச்சுவரைப் பாருங்கள். கொஞ்சம் உப்பு பூத்திருக்கும். அது உள்ளே தங்கியிருந்த பழைய உப்பு, பயப்பட வேண்டாம், பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த இடத்தில் இன்னொரு கை சேர்த்து அடித்தால் போதும்.